சுரங்கத்தின் பாதி வழியில்

செவ்வாய்க்கிழமை, சைகோன்

இன்று வியட்நாம் போர்க்காலச் சுரங்கங்களைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். இதய நோய் உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பாளையங்கோட்டை டாக்டர் ஸ்டென்ட் வைத்துவிட்டு, மாடிப்படிகூடப் பார்த்து ஏறச் சொல்லியிருக்கிறார்.

"திருநவேலியிலருந்து வெளிய நிக்கதுக்கா வந்தோம்?" என்றபடி குனிந்து உள்ளே போய்விட்டார். நானும் பின்னால் இறங்கினேன்.

தவழ்ந்துதான் போக முடிந்தது. பாதி வழியில் இவர் நின்றுவிட்டார். "ஏங்க" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். எனக்குப் பின்னால் ஆட்கள் முட்டிக்கொண்டு நின்றதால் திரும்பவும் வழியில்லை. கையை நீட்டி இவர் காலைப் பிடித்தேன். சில்லென்று வேர்த்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கால் மெதுவாக நகர்ந்தது.

வெளியே வந்ததும் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். உள்ளே ஒளிந்திருந்த போராளிகளுக்கு அதுதான் சாப்பாடாம். இவர் தொடவில்லை.

"நீ கூப்பிட்டது கேட்டுது. பேச்சு வரல" என்றார். பிறகு, "ஏட்டி, மவன்ட்ட சொல்லிராத."

தலையாட்டினேன். ஆனால் அறைக்கு வந்து இவர் குளிக்கப் போனதும் மகனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். காலையில் இங்கேயே ஒரு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறான். இவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னும் தூங்கவில்லை என்று தெரிகிறது. கோபமாகவே இருக்கட்டும். விளக்கை அணைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.