பின்கதவில் நான்கு எழுத்து மிச்சம்

மெக்டில்ட்,

கட்டைவிரல் நகத்தடி எரிகிறது, பேனா பிடிக்கவே வலிக்கிறது. உன் கார் பின்கதவில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரில் இன்னும் நான்கு எழுத்து மிச்சம். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மனமிருந்தால் நீ முடித்துவிடு.

நாளை ஆலை வாசலில், ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் பிரதிநிதியாக நான் பேச வேண்டும். பெரிய இன்ஜின் என்று பறைசாற்றும் கறுப்பு வண்டியில் போய் இறங்க முடியாது. கிரேன் ஓட்டும் எவால்ட் நேற்றே கேட்டுவிட்டான்: "என்ன தலைவரே, எங்களுக்கு வேலை போகுது, உங்களுக்கு வண்டி பெருசாகுதா?"

முதலில் தூசி போகக் கழுவு. ஒரு மணல் துகள் இருந்தாலும் கறுப்பில் கோடு விழும். வீட்டு வாசலில் கழுவாதே, தெருவில் கார் கழுவத் தடை, எதிர்வீட்டு அம்மாள் நகராட்சிக்கு எழுதிப்போடுவாள். பிறகு ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு காட்டி, என் தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல இழு. கத்தி கூடாது. ஒட்டியிருக்கும் பசையை விரலால் உருட்டி எடு. கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டுக்கொள்.

உருளைக்கிழங்கு சூப் அடுப்பில் இருக்கிறது.

பி.கு. எழுத்தை எடுத்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் இருக்கிறது, அதனால் பெயரை இன்னும் படிக்க முடிகிறது. பாலிஷ் போட்டும் அந்தத் தடம் மறையாவிட்டால் பஸ்ஸில் போகிறேன்.

இன்னொன்று. "என் சம்பளம், என் வண்டி. உன் வெட்கத்துக்கு நான் ஏன் எழுத்தைப் பிடுங்கணும்?" என்று கேட்டாய். நீ கேட்டது நியாயம். உன் தங்கை முன்னால் அதைப் பீத்திக்கொள்ளும் வண்டி என்றேன். அவள் முன்னாலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.

ஹார்ட்மூட்