மனிதன் என்ற வரி

மிசூலா, மொன்டானா
நவம்பர் 12

அன்புள்ள டெல்மர்,

நலம்தானே? அக்டோபர் கடைசியில் நீ பொறுக்கி அனுப்பிய ஓநாய் எச்சம், இருபது பையும் நல்லபடி வந்து சேர்ந்தன. டி.என்.ஏ. எடுத்து, என்ன தின்றன என்று பார்த்தாயிற்று. உங்கள் பக்கத்து ஓநாய்கள் மானும் முயலும்தான் தின்கின்றன. கன்று ஒன்றுகூட இல்லை. பண்ணைக்காரர்களிடம் சொல்.

ஒரு சின்னக் குறை, கோபித்துக்கொள்ளாதே. எல்டர் ஓடைப் பைகள் மூன்றில், 14 முதல் 16 வரை, மனித டி.என்.ஏ. ஏராளம். பொறுக்குபவர் கை பட்டால் அப்படி ஆகும். முடிவுப் பட்டியலில் மனிதன் என்று வரும் வரியை அழித்துவிடுவது எங்கள் வழக்கம், அழித்துவிட்டேன். அடுத்த முறை கையுறை போட்டுக்கொள்.

வேட்டைக்குப் போன உன் தம்பி லைலைப் பற்றித் தகவல் உண்டா? ஐந்து வாரமாகிவிட்டது. கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

உன்
ஆர்விட்

நவம்பர் 25

அட ஆர்விட்,

போன வருடம் நீ திட்டியதிலிருந்து கையுறை இல்லாமல் நான் எதையும் தொட்டதில்லை. மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும் கையுறை, தோள் வரைக்கும். "என்ன டெல்மர், ஓநாய்க்கா பேறுகாலம்?" என்று சிரிக்கிறார்கள். முதலில் உன் இயந்திரத்தைக் கழுவு.

லைல் கிடைக்கவில்லை. அவன் வண்டி நின்ற தெற்குச் சரிவை மட்டும் தேடினார்கள். பெரும்பனி விழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். "அலாஸ்கா போறேன் போறேன்னு சொல்லிட்டே இருந்தானேய்யா, வண்டிய இங்கயே போட்டுட்டுப் போயிருப்பான். செம்பட்டைத் தாடியத் தடவிக்கிட்டு மீன் பிடிச்சிட்டிருப்பான்" என்கிறார் ஷெரிஃப். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அவன் குதிரைக்கு லாடம் மாற்றி வைத்திருக்கிறேன்.

டெல்மர்

மிசூலா
ஜனவரி 30

அன்புள்ள டெல்மர்,

இதை ஏழு முறை எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதம் வந்ததும் மற்றப் பதினேழு பைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் மனிதன் துளியும் இல்லை. ஒரே கை பொறுக்கியது; அந்த மூன்றில் மட்டும் எப்படி? மிச்சம் வைத்திருந்த எச்சத்தை நீரில் அலசினேன். 15-இல் செம்பட்டை முடி இருந்தது. நீ முப்பது வயதிலேயே வழுக்கை.

இது நடந்தது டிசம்பர் நான்காம் தேதி. பிழையோ என்று சோதனையை மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்றிலும் அதுவேதான். அதற்குப் பிறகும் எழுதத் துணிவில்லை.

ஓநாய் கொன்றது என்று சொல்ல ஆதாரமில்லை. இறந்த பிறகும் தின்றிருக்கலாம். தேடவேண்டியது வடக்கே, எல்டர் ஓடையில். அந்த வரியை நான் அழிக்காதிருந்தால், பெரும்பனிக்கு முன்பே நீ அங்கே போயிருப்பாய். மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது.

ஆர்விட்

மே 9

ஆர்விட்,

பனி உருகியதும் ஓடைக்குப் போனேன். பாறையடியில் துப்பாக்கியும் ஒற்றைப் பூட்ஸும் கிடந்தன. இரண்டு இடத்தில் தீ மூட்டியிருக்கிறான். கால் எலும்பு ஒடிந்திருந்தது. வேறு எலும்பு அதிகமில்லை. "பெட்டி கனக்கவே கனக்காதே, டெல்மர்" என்றார் ஷெரிஃப்.

நீ தெரிந்துகொண்டு பேசாமலிருந்த எட்டு வாரமும், நான் அலாஸ்காவில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அவன் பேருக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று மேசையில் அவனுக்கும் தட்டு வைத்தேன்.

பாறையைச் சுற்றிக் கிடந்த பழைய எச்சத்தையெல்லாம் பொறுக்கினேன். கையுறை போடவில்லை. இருபத்திரண்டு பை. அவை உனக்கில்லை, பெட்டியில் அவனோடு வைக்கிறேன்.

அடக்கம் சனிக்கிழமை. 14, 15, 16-இல் உன்னிடம் மிச்சமிருப்பதை அதற்குள் அனுப்பிவிடு. கடிதம் வேண்டாம்.

டெல்மர்