கஞ்சிப் பம்பு

இன்று காலை பிரஸ்ஸிலிருந்து ப்ரூஃப் வந்தது. கவரைப் பிரித்ததும் அந்த மை வாசம். நீ இருந்தால் முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிப்பாய். மொசாம்பிக்குக்குப் போகும் பம்புக்கான கையேடு. நீ போன பிறகு வருகிற முதல் கையேடு. பம்பை எப்படி மாட்டுவது என்று காட்டும் படத்துக்கு மேலே உன் போர்த்துகீசிய வரி அப்படியே இருக்கிறது: "எ கான்ஜா!" பக்கத்தில் ஆவி பறக்கும் ஒரு கிண்ணம். அதைச் சுற்றி நம் புது மேனேஜர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்.

"இது என்னங்க மேடம், கஞ்சான்னு போட்டிருக்குது? போலீஸ் வந்துரப் போகுது. எடுத்துருங்க. வேணும்னா மொசாம்பிக் டீலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க," என்றார்.

ஒரு வார்த்தை கேட்பதில்தான் இருந்தது வினை. அந்த ஊருக்குப் போன் போடுவது எப்போதும் நீதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டர் எண்ணை எடுத்துக் கொடுப்பதோடு சரி. நீ போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மெயிலில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடாது. போன் போட்டால் முதலில் உன்னைத்தான் கேட்பார். அதற்குப் பயந்தே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஊருக்கு நாம் அனுப்பிய முதல் கையேடு ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் "பீஸ் ஆஃப் கேக்" என்று எழுதி ஒரு கேக் துண்டையும் வரைந்திருந்தார்கள். மாட்டுவது அவ்வளவு சுலபமாம். கம்ப்யூட்டரில் போட்டுப் போர்த்துகீசில் மாற்றினோம். அது சொல்லுக்குச் சொல் கேக்கையே எடுத்துக் கொடுத்தது. சரக்கு போய்ச் சேர்ந்ததும் டீலர் கூப்பிட்டார். "அம்மா, பெட்டியைப் பிரித்தவர்கள் எல்லாரும் கேக் எங்கே என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்."

நான் பதறிப் போனேன். நீ பதறவில்லை. உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று நிதானமாகக் கேட்டாய். "எ கான்ஜா" என்றார். கான்ஜா என்றால்? கோழியும் அரிசியும் போட்டுக் குழைய வேகவைப்பது, காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பது என்றார். நீ ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பேக்கிங் செக்ஷனே திரும்பிப் பார்த்தது. மலையாளக் கரையில் வந்து இறங்கிய போர்த்துகீசியர்கள் கஞ்சியைக் குடித்ததோடு நிற்காமல் பேரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"சார், கஞ்சிதானுங்க. நம்ம கஞ்சியேதான்," என்று முதலாளி அறைக்கு ஓடினாய்.

"ஏம்மா, கஞ்சின்னு போட்டா எவன் பம்பு வாங்குவான்?"

"கேக்குன்னு போட்டதுக்கே வாங்கிப்போட்டானுங்களே சார்!"

அன்று சாயங்காலம் கணபதி பஸ் ஸ்டாப் பேக்கரியில் டீயும் கேக்கும் வாங்கினோம். நீ ஒரு வாய் கடித்துவிட்டு, "மெல்லோணும், முழுங்கோணும், நடுவுல டீ வேற ஊத்தோணும். இதைப் போயி ஈஸிங்கறாங்க பாரு அம்மணி. கஞ்சின்னா அது பாட்டுக்கு எறங்கிரும்," என்றாய்.

அதன்பிறகு நமக்கு எல்லாமே கஞ்சிதான். தூத்துக்குடியில் கன்டெய்னர் மாட்டிக்கொண்டால் கஞ்சி. நான் ஸ்கூட்டர் லைசன்ஸுக்கு எட்டுப் போடப் போனபோது கஞ்சி. என் மாமியாரிடம் தனிக்குடித்தனப் பேச்சை எடுக்கப் போன அன்றுகூட லஞ்ச் பாக்ஸை மூடிக்கொண்டே, "போயிச் சொல்லிப்போடு. கஞ்சி," என்றாய். அகராதியைக் கேட்டால் மிகச் சுலபமான காரியம் என்றுதான் பொருள் சொல்லும். சுலபமான காரியம் எதற்கும் நீ அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அதையேதான் சொன்னாய். பச்சைத் துணித் தொப்பியோடு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? கஞ்சி, அம்மணி." நான் நம்பினேன். நம்பியதால் கீழே கேன்டீனுக்குப் போய் நிம்மதியாகக் காபி குடித்தேன். நீ தியேட்டரை விட்டு உயிரோடு வரவில்லை. அந்தக் காபிக்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இன்று எது நடந்தாலும் உன்னிடம் சொல்லத்தான் முதலில் வாய் வருகிறது. உன் நாற்காலியில் இப்போது கூரியர் கவர்களை அடுக்குகிறார்கள்.

மதியம் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் கடை திறந்திருந்தார். என் "போம் தியா" வணக்கத்தைக் கேட்டதுமே, "இது எங்கள் அம்மா குரல் இல்லையே, அவங்க எங்கே?" என்றார். சொன்னேன். இத்தனை நாள் யாரிடமும் முழு வாக்கியமாகச் சொல்லாததை, எனக்கு அரைகுறையாக வரும் ஆங்கிலத்தில் சொன்னேன்.  அவர், "அவங்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் யாராவது சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். நான்தான் கொண்டுபோனேன் என்றேன். "நல்லது, நல்லது," என்றார்.

சிவப்பு வட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்பட்டே விட்டார். "எடுக்காதீர்கள்! இங்கே அந்தப் பம்புக்குப் பேரே அதுதான். உங்கள் கம்பெனிப் பேரை யாரும் சொல்வதில்லை. விவசாயிகள் வந்து கஞ்சிப் பம்பு ஒன்று கொடு என்றுதான் கேட்கிறார்கள்."

கேட்டாயா? நீ பார்க்காத ஊர்த் தோட்டங்களில், உன்னைத் தெரியாதவர்கள் வாயில், நீ வைத்த பேர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போனை வைக்கும்முன் அவர், "இனிமேல் அவங்க வேலையையும் நீங்கள் ஒருத்தரேதான் பார்க்க வேண்டுமா? கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டார்.

"எ கான்ஜா," என்றேன்.

பொய், அம்மணி. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு நீ எனக்குச் சொன்ன அதே பொய். அதைச் சொல்லி முடிப்பது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று, என் வாயால் சொன்ன பிறகுதான் தெரிகிறது.