உனக்கென்று தனிச் சத்தம்

அக்கா,

பல மாதங்கள் தொடாமல் கிடந்த ஆம்ப்ளிஃபயரை இன்று காலை போட்டேன். சூடேறியதும் உள்ளே படிந்திருந்த தூசி காய்ந்து ஒரு வாசனை எழுந்தது. விழுப்புரத்தில், இதே முன்னறையில், நீ என்னோடு இருந்த நாட்களின் வாசனை அது.

திண்டிவனத்தில் உங்கள் சர்ச்சில் பாட்டு எடுத்துக்கொடுப்பவள் நீ. நீ தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். காசநோய்க்குப் போட்ட ஊசி உன் உயிரைக் காப்பாற்றியது, காதை எடுத்துக்கொண்டது. உன் வீட்டுக்காரர் இறந்தபின் உன்னை இங்கே அழைத்து வந்தேன். பேச்சு உனக்குக் குறையவில்லை. என் உதட்டசைவைப் பார்த்தே சண்டைக்கு வருவாய். பாட்டை மட்டும் விட்டுவிட்டாய்.

"சுதி எங்க போவுதுன்னு எனுக்கே தெரியாதுடி. நாலு பேர் மூஞ்சியப் பாத்துக்கினு எப்படிப் பாடறது?" என்றாய்.

பிறகு அந்தப் பஸ் பயணம். திண்டிவனத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கடைசி சீட்டு, ஸ்பீக்கர் பெட்டி நமக்கு அடியிலேயே இருந்தது. திடீரென்று என் தொடையில் தாளம் போட்டாய்.

"சின்ன வயசுல ரேடியோல வருமே, அந்தப் பாட்டுதான இது?"

அதே பாட்டுதான். சீட்டின் அதிர்விலேயே பிடித்துவிட்டாய். என் முகம் உனக்குத் தெரியக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே, பாட்டின் அடித்தாளத்தை மட்டும் அதிர அடிக்கும் சப்வூஃபர் பெட்டி ஒன்று வாங்கினேன். வாங்கியபின்தான் சிக்கல் தெரிந்தது. செல்போனில் இருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஏசி பெட்டி வீட்டில் இருந்தது. அதிலிருந்து பாட்டு வெளியே போக ஒரே வழிதான். அதை ஆம்ப்ளிஃபயர் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரிலோ சப்வூஃபரைச் செருக இடமே இல்லை. கடைக்காரர் வந்து பார்த்தார்.

"டிஏசிலயே பிரிச்சிடலாங்க. ஒன்னு ஆம்புக்கு, ஒன்னு இதுக்கு. ஆனா ஒரு பேஜாரு இருக்குது. ஆம்புல சவுண்டு கொறச்சா ஸ்பீக்கர்தான் கொறயும். சப்வூஃபர் அது பாட்டுக்கு அடிச்சிக்கினே இருக்கும். அதத் தனியாதான் கொறைக்கணும்."

"இன்னா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாய். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாய்.

"நல்லதாப் போச்சு. தலவலின்னா உன்னுத நீ கொறச்சிக்கோ. என்னுது எனுக்கு இருக்கட்டும்."

பிரிக்கும் வயர்களை டிஏசியின் இடது துளைக்கு ஒன்று, வலது துளைக்கு ஒன்றாகச் செருகிவிட்டு அவர் போனார். ஆசையோடு பாட்டைப் போட்டேன். பெட்டியின் மேல் கை வைத்த நீ முகத்தைச் சுளித்தாய்.

"மாவு மில்லுல நிக்கிற மாதிரி இருக்குதுடி."

எனக்கு மனசு விட்டுப்போனது. நீதான் விடவில்லை. பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து இழுத்து வைத்தாய். அதன் பின்னால் இருந்த குமிழைத் திருகித் திருகிக் குறைத்தாய். தினமும் கொஞ்ச நேரம், தெரிந்த பாட்டாகப் போடச் சொல்லி, உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதிர்வு எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று உன் தலையசைப்பே எனக்குச் சொல்லும்.

ஒரு மதியம் அடைக்குக் கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முன்னறையில் ஸ்பீக்கரோடு சேர்ந்து இன்னொரு குரல் கேட்டது. மாவுக் கையோடு ஓடிவந்தேன். கண்ணை மூடி, இரண்டு கைகளையும் பெட்டியின் மேல் வைத்து, சர்ச் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாய். குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் தாளம் ஓர் இடத்திலும் தப்பவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "சுதி விலகிச்சா?"

பொய் சொன்னால் உதட்டிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

"கொஞ்சம்," என்றேன்.

"கொஞ்சந்தான?" என்று கேட்டுவிட்டு அடுத்த அடியை எடுத்தாய்.

போன மார்கழியில் உன்னைச் சவப்பெட்டியில் வைத்துத் திண்டிவனத்துக்கே கொண்டுபோனோம். சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உன் முன்னால் பாட்டு எடுத்துக்கொடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட ஒருநாளும் பாடாதவள் நான். முதல் அடியை நான்தான் எடுத்தேன், அக்கா. விலகியது எனக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் சபை முழுக்கச் சேர்ந்துகொண்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அங்கே போகிறேன். உன் வரிசையில் நின்று பாடுகிறேன்.