எட்டாவது நாற்காலி

காலையில் பிரம்பு நாரை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். அந்த வாடை வந்ததுமே நீ பக்கத்தில் வந்து இருந்த மாதிரி ஆகிவிட்டது. உன் நாற்காலியின் இருக்கை அறுந்துபோயிற்று. வேறு ஆளிடம் கொடுக்க மனமில்லை, நானே பின்னப்போகிறேன். கண்ணாடி போட்டும் நார் கோக்கும் துளை சரியாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம் அது. கோட்டாற்றில் ஒரு மரச்சாமான் கடையில் நாம் இருவரும் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தோம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரரின் பங்களாவிலிருந்து முதலாளி ஒரு படப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன்காரர்கள் வரைந்த வடிவங்கள். சிங்கப் பாதம் வைத்த மேசை, பித்தளைக் கம்பி பதித்த அலமாரி, வாள் போலக் கால் வளைந்த நாற்காலி. வக்கீல் ஒருவர் அந்த நாற்காலியில் எட்டு கேட்டார்.

"இது லண்டன்காரன் சொந்தமா யோசிச்சதில்ல சார். பழைய கிரேக்கப் பானையில இருந்த படத்தப் பாத்து வரைஞ்சது" என்று முதலாளி பெருமையாக விளக்கினார். அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் பானைப் படமும் அதே பக்கத்தில் இருந்தது. நீ எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாய்: "இதுல இருக்கது பொம்பளையாக்கும்."

நமக்கோ தரைதான். பின்னி முடித்த இருக்கை தாங்குமா என்று உட்கார்ந்து பார்ப்பது ஆண்கள் வேலை. பெண் முதலில் உட்கார்ந்த நாற்காலியை யாரும் வீட்டுக்கு எடுக்க மாட்டார்களாம். நீ பின்னிய எட்டாவது நாற்காலியில் மூத்த ஆசாரி அவசரப்பட்டு, நார் காயும் முன்னே உட்கார்ந்தார். ஈர நார் தொய்ந்துவிட்டது. ஆசாரி எழுந்து போய் உளியைத் தீட்டத் தொடங்கினார். பழி உன் தலையில் விழுந்தது. "பின்னத் தெரியாதவளுக்கு இங்க என்ன வேல?" என்றார் முதலாளி, பார்க்க வந்திருந்த வக்கீலின் முன்னாலேயே.

நீ தொய்ந்த நார் எல்லாவற்றையும் அறுத்தெடுத்து, மறுபடி பின்னி, இரண்டு நாள் நிழலில் காயவைத்தாய். மூன்றாம் நாள் வக்கீல் வந்து நின்றபோது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் உட்கார்ந்தாய்.

"ஏட்டி, எழும்பு" என்றார் முதலாளி.

"எழும்பமாட்டேன். நான் பின்னுனது தாங்குமான்னு நானே இருந்து பாக்கேன்."

"பொம்பள இருந்த நாற்காலிய எவன் வாங்குவான்?"

"அந்தப் படத்துல இருக்கது ஆரு மொதலாளி?"

வக்கீல் ஏழே போதும் என்று சொல்லிவிட்டார். முதலாளி உன்னையும் நாற்காலியையும் சேர்த்து வெளியே அனுப்பினார். நீ அதைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டாற்றுக் கடைத்தெருவில் நடந்தாய். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானாகவே பின்னால் வந்தேன். அதற்குப் பிறகு உன் வீட்டு முற்றத்தில்தான் பின்னினோம். ஒவ்வொன்றிலும் நாமே முதலில் உட்கார்ந்தோம். அப்படியும் ஆட்கள் வந்து வாங்கத்தான் செய்தார்கள்.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்தபோது ஆண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், நமக்குப் பாய். உன் வீட்டிலேயே. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. உள்ளே போய் உன் நாற்காலியைத் தூக்கி வந்து, உன் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். உன் மகன் குனிந்து, "சித்தி, பெரியவங்க எல்லாம் வாறாங்க. கொஞ்சம் எழும்புங்க" என்றான்.

"எழும்பமாட்டேன் மக்கா" என்றேன்.

காரியம் எல்லாம் முடிந்தபின் அவனே அதைக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். நார் நன்றாக ஊறிவிட்டது. பின்னி முடித்து இரண்டு நாள் காயவைப்பேன், அவசரப்படமாட்டேன். உன் தலைமாட்டில் அன்றைக்கு இருக்கை அறுந்து கிடந்ததால் சட்டத்தின் ஓரத்தில்தான் இருந்தேன். இனி நடுவில் இருப்பேன்.