தேக்கங்காட்டு ஏற்றத்தில் பன்னிரண்டு குழிகள்

அன்புள்ள மருமகன் விந்தார்த்தோவுக்கு,

இறைவனின் அமைதி உன்மீதும், உன் தாயார் மீதும் நிலைக்கட்டும். நீ போனை அணைத்துவிட்டு அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதால் கடிதம் எழுதுகிறேன். உன் மனைவி ரெத்னோ இங்கே என்னோடு நலம். வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று மருத்துவச்சி சொன்னாள்.

நான் பள்ளியில் அறிவியல் நடத்தியவன். ரயிலைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் உன் சரக்கு ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்ற இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தண்டவாளக்காரர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன்.

இரண்டு தண்டவாளங்களிலும் நேருக்கு நேராக ஆறு ஆறு குழிகள். உன் எஞ்சினின் ஆறு ஜோடிச் சக்கரங்களும் நகராமல் அதே இடத்தில் சுழன்று, இரும்பைச் சுட்டுத் தேய்த்திருக்கின்றன. ஒரு குழிக்குள் என் கட்டைவிரல் படுத்துக்கொண்டது. வெந்து ஆறிய அந்த இரும்பு கண்ணாடி போல நொறுங்கும், அடியில் விரிசல் ஓடும், அந்தத் துண்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். "ஓட்டுநர் விசையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்" என்று அதிகாரிகள் எழுதியிருப்பதும் இதை வைத்துத்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். குழிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. மணல். சக்கரம் வழுக்காமல் பிடிக்க எஞ்சினிலிருந்து கொட்டுவது; அது தானாகக் கொட்டாது, நீ மிதித்தால்தான் கொட்டும் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். தூங்குகிறவன் எப்படி மிதிப்பான்? விசையைக் குறைக்காமல் கொஞ்சம் அதிக நேரம் பிடிவாதம் பிடித்திருக்கிறாய், அவ்வளவுதான். நான் தவறாகவும் நினைத்திருக்கலாம்.

அடுத்த கேள்வி: செங்குத்தான இடத்தைத் தாண்டி வந்த பிறகு, மழையில்லாத பகலில், ஏன் வழுக்கியது? கீழே குனிந்து பார்த்தேன். குழிகளுக்குப் பின்னால் தண்டவாளத்தில் பச்சையும் கறுப்புமாக ஒரு பிசுக்கு. முகர்ந்தேன். நசுங்கிய புழு நாற்றம்.

சற்று மேலே கினெம் என்கிற கிழவி தேக்குச் சருகை அள்ளி வந்து தண்டவாளத்தின் மேல் தட்டிக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் இருட்டு, தனக்குக் கண் தெரியவில்லை; இங்கே தட்டினால் கூட்டுப்புழு ஜல்லியில் உதிரும், புழு சருகோடு தங்கிவிடும் என்றாள். அன்றைக்குச் சரக்கு ரயில் நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டதாம். "சருகை அப்பிடியே குவியலா போட்டுட்டு ஓடிட்டோம் ஐயா. உசுரா, புழுவா?"

இவ்வளவு கூட்டுப்புழு யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கா? ரயில் ஓட்டுற தம்பிக்குத்தான். பொண்டாட்டி மாசமா இருக்கா, பொரிச்சுத் திங்க ஆசைப்படறா, நெறையப் பொறுக்கி வைங்கன்னு வண்டியிலேருந்தே கத்திட்டுப் போச்சு."

விந்தார்த்தோ, நான் அப்படியே கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அந்தச் சருகுப் புழு நசுங்கித்தான் சக்கரம் வழுக்கியது, இதை விசாரணையில் சொன்னால் அவளைப் பிடிப்பார்களே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நானே வந்து சொல்றேன். என்ன பண்ணுவாங்க, பல்லைப் பிடுங்குவாங்களா? அதுதான் எப்பவோ போயிடுச்சே" என்றாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. நீ வராவிட்டால் தூங்கியது உண்மை என்றே முடித்துவிடுவார்கள். பிறகு எஞ்சினில் ஏறவே விடமாட்டார்கள். நானும் வருகிறேன். அதிகாரிகளைக் கண்டால் எனக்குக் குரல் எழும்பாது என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் நீ இருந்தால் பேசிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

ரெத்னோவிடம் புழுக் கதையை இன்னும் சொல்லவில்லை. நீ சொன்னால்தான் அழகு. கேட்டதை நீ கொண்டுவரவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு உன்மேல் உள்ள குறை. கினெம் ஒரு இலைப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அடுப்படியில் வைத்திருக்கிறேன். காலையில் காதை வைத்துக் கேட்டேன், உள்ளே அசைகின்றன. அவை சிறகு விரிப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடப்பா.

உன் நலத்துக்காகத் தொழுகையில் கையேந்தும்,
மாமனார் சுமாடி