கோர்ட்டு கலையும் வரை

முனிர்கா, டெல்லி
9-10-1983

அன்புள்ள மருமகள் செல்விக்கு, பச்சைமுத்து மாமா எழுதுவது.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். அறுபத்து மூன்று வயதுக் கை. மூங்கிலும் கயிறும் பழகியதற்குப் பேனா மெல்லிசாக இருக்கிறது, நழுவுகிறது. இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. ஆனால் யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன்! மோதி பாக்கில் வைதேஹி அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். "உங்க 'ழ' படுத்துத் தூங்கறது, எழுப்புங்கோ" என்று கேலி செய்வார். போன வாரம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் போர்டை உரக்கப் படித்தேன். காவலாளி பயந்துபோய் எழுந்து நின்றான்.

இனிமேல் எழுதுவது சந்தோஷம் இல்லை. வியாழக்கிழமை உன் புருஷன் வேலுவின் கேஸில் தீர்ப்பு. காண்ட்ராக்டர் குற்றவாளி என்று ஜட்ஜ் சொன்னார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்புறம் தண்டனை சொன்னார். கோர்ட்டு கலையும் வரை சிறை, கொஞ்சம் அபராதம். சிறை என்றால் ஜெயில் இல்லை, செல்வி. கோர்ட்டின் பின்பெஞ்சு. அவன் ஆட்கள் ஆரஞ்சு வாங்கி வந்தார்கள். உரித்துத் தின்றான். நான்கு மணிக்கு ஜட்ஜ் எழுந்தார், இவனும் எழுந்து மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு காரில் போனான். போன வருஷம் ஆசியாட் விளையாட்டுக்குக் கட்டின கட்டடத்தில் வேலு ஐந்தாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்ததற்கு இவனுக்கு மூன்று மணி நேரம் பெஞ்சு. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஏன் இவ்வளவு குறைவு என்று பியூனைக் கேட்டேன். கூட வேலை செய்த ஒருவனே, கயிறு புதுசு, வேலு குடித்திருந்தான் என்று காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறானாம். வைதேஹி அம்மாவுக்குத் தெரிந்த வக்கீல் ஜோதிலிங்கம் நகல் வாங்கித் தருகிறேன் என்றார்.

உன் மாமியார் பாப்பம்மாளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பச்சைமுத்து


தலைவாசல்
20-10-1983

அன்புள்ள மாமாவுக்கு செல்வி வணக்கம்.

உங்கள் கையால் வந்த கடிதத்தை அத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். நான் படித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் வாயில் ஒரு பீடிகூட வைத்ததில்லை. குடித்திருந்தார் என்று எவன் சொன்னான்? அவன் பெயரைக் கண்டுபிடித்து எழுதுங்கள். காண்ட்ராக்டர் யாரோ, நான் முகம்கூடப் பார்த்ததில்லை. இவன் அவரோடு உட்கார்ந்து சோறு தின்றவன். அந்தக் கட்டைவிரல் அழுகிப்போகட்டும். பெயர் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எங்களுக்கு நீங்கள் ஒருவர்தான்.

செல்வி


முனிர்கா
6-11-1983

செல்விக்கு,

பெயர் கேட்டாய். பச்சைமுத்து.

நகல் வந்தது. காகிதம் இங்கிலீஷில் இருந்தது. கீழே இருந்த கைநாட்டை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுவில் அரிவாள் வெட்டின கோடு. என் விரல்தான்.

வேலு விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் காண்ட்ராக்டரின் கணக்குப்பிள்ளை, அந்த முன்ஷி, காகிதம் நீட்டினான். "பாபா, பாடியை வாங்கணுமா வேண்டாமா? அங்கூட்டா வை, ஜல்தி" என்றான். கைநாட்டு வைத்தேன். கோர்ட்டிலும் இது உன் கைநாட்டா என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். பிணம் வாங்கின காகிதம் என்றே நினைத்திருந்தேன்.

அதற்கு முன்னால் செய்த தப்புக்குச் சாக்கு இல்லை. அன்று சாரம் கட்ட முன்ஷி கொடுத்தது மழையில் இற்றுப்போன கயிறு. "முன்ஷிஜி, இது ஆள் தாங்காது, புதுசு கொடு" என்று கேட்டேன். "அச்சா, நாளைக்கு. ஆசியாட் உனக்காக நிக்குமா? கட்டு" என்றான். இற்ற கயிறு கையில் வந்தால் இரண்டாக வெட்டிப்போடுவது சாரம் கட்டுகிறவன் வழக்கம். அப்புறம் யாரும் அதைக் கட்டச் சொல்ல முடியாது. இடுப்பில் அரிவாள் இருந்தது. நான் வெட்டவில்லை, கட்டினேன். வேலு நம்பி ஏறினான்.

தண்டனையைக் கூட்டச் சொல்லி மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார் ஜோதிலிங்கம். வக்காலத்தில் உன் கையெழுத்து வேண்டும். நானும் உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும். "யோசிச்சுக்கோங்க பெரியவரே, சாரம் கட்டினது நீங்க. உங்களையும் பிடிப்பாங்க" என்றார். யோசித்துவிட்டேன். அவன் ஜெயிலுக்குப் போகட்டும். நானும் போகிறேன். பெஞ்சுக்கு அல்ல, ஜெயிலுக்கு.

வக்காலத்து இத்துடன் இருக்கிறது. மன்னிப்பு கேட்கவில்லை.

பச்சைமுத்து


தலைவாசல்
19-11-1983

பச்சைமுத்து அவர்களுக்கு,

கடிதத்தை அத்தைக்குப் பாதிதான் படித்தேன். மீதியை அவர் கேட்கவும் இல்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்காகப் போட்டது, உங்களுக்காக அல்ல. அரிவாள் இடுப்பில் இருந்தது என்று எழுதினீர்களே, அதை ஒரு எழுத்து விடாமல் கோர்ட்டில் சொல்லுங்கள். அந்த முன்ஷியிடம் புதுக் கயிறு கேட்டதையும் சொல்லுங்கள்.

கேஸ் விவரம் தவிர வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செல்வி


முனிர்கா
4-12-1983

செல்விக்கு, கேஸ் விவரம்.

வெள்ளிக்கிழமை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் வழக்கம்போல மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினான். மூடு என்றேன். 'ப' தொடங்கி 'து' முடிவதற்குள் அவன் இரண்டு முறை கடிகாரம் பார்த்தான். நான் அவசரப்படவில்லை. நன்றாகவே வந்தது, செல்வி. இது கேஸ் விவரம்தான்.

இதுவும் கேஸ் விவரம்தான். நேற்று புதுக் கட்டடத்தில் அதே முன்ஷி பழைய கயிற்றைப் போட்டான். வெட்டினேன். நான்கு கட்டு, எல்லாவற்றையும். "பாகல் புட்டா, வெளியே போ" என்று கத்தினான், பைத்தியக்காரக் கிழவன் என்று அர்த்தம். போனேன். குடிசை அவர்கள் இடத்தில் இருப்பதால் புதன்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். ஆனால் நேற்று அங்கே யாரும் சாரத்தில் ஏறவில்லை.

ஒன்பதாம் தேதி முதல் விசாரணை. காண்ட்ராக்டர் வந்தானா, என்னை என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எல்லாம் ஒரு எழுத்து விடாமல் அடுத்த வாரம் எழுதுகிறேன். எந்த விலாசத்திலிருந்து என்று இப்போது தெரியவில்லை. எழுதுகிறேன்.

பச்சைமுத்து